மனநல விழிப்புணர்வுத் தமிழ்: சொல்லும் தொடரும்

முன்னுரை

உலக மனநல நாள் 1992ஆம் ஆண்டு முதல் அக்டோபர் 10ஆம் நாளில் கடைப்பிடிக்கப்பட்டு வருகின்றது. இந்நாளையொட்டியும் பிற காலங்களிலும் சுவரொட்டி, துண்டறிக்கை, வானொலி உரை, செய்தித்தாள் கட்டுரை ஆகிய வடிவங்களில் தமிழில் வெளிவரும் விழிப்புணர்வு எழுத்துகள் அளவில் பெருகியுள்ளன. இவற்றுள் பல ஆங்கில மூலங்களின் மொழிபெயர்ப்புகள் அல்லது தழுவல்கள் ஆகும். இவற்றின் மருத்துவச் செய்தி சரியானதா என்பதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்கின்றனர். அச்செய்தியைச் சுமந்து செல்லும் தமிழ் என்ன செய்கின்றது என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் பார்க்க வேண்டிய ஒன்று.

இது சிறிய செய்தியன்று. பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் 12 மாநிலங்களில் 2015-16ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோருள் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநோய்க்கு ஆட்பட்டிருந்தனர். உரிய மருத்துவம் பெறாதோர் நோய்வகைக்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தனர். மருத்துவர் பற்றாக்குறை, செலவு, தொலைவு ஆகியன இதற்குக் காரணங்கள். ஊராரின் பேச்சுக்கு அஞ்சி நோயை மறைத்தலும் காரணமே. மறைத்தலும் வெளிப்படுத்தலும் மொழியினால் நிகழ்வன. ஆகவே விழிப்புணர்வு எழுத்தின் தமிழ் நோயை வெளியே சொல்ல இடம் தருகின்றதா, அன்றி வாயை அடைக்கின்றதா என்னும் வினா எழுகின்றது.

இவ்வெழுத்துகள் பழைய சொற்களுக்கு மாற்றாகப் புதிய சொற்களைத் தருவதில் பெரிதும் முனைந்துள்ளன. ஆனால் பழிப்பு தங்கியிருப்பது சொல்லில் மட்டுமன்று. வேற்றுமையிலும், திணையிலும், இடத்திலும் அது தங்கியுள்ளது. அப்பகுதி இன்னும் தொடப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தகுதி வழக்கும் மனநோய்ப் பெயர்களும்

இலக்கண நூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துவர். மனநோய் பற்றிய இன்றைய தமிழ் வழக்குகளை இம்மூன்றனுள் அடக்கிக் காணலாம். வீட்டார் பிறரிடம், ‘அவளுக்கு உடம்பு சரியில்லை’ என்று மட்டும் கூறி நிறுத்துவது இடக்கரடக்கலைச் சார்ந்தது. நோய்க்குரிய மருத்துவத்தை ‘மனநல மருத்துவம்’ என்பது மங்கலம். நோயைக் கூற வேண்டிய இடத்தில் நலம் கூறப்படுகின்றது. தமக்குள் மட்டும் விளங்குமாறு ‘அது ஒரு கேஸ்’ என்பது குழூஉக்குறி.

விழிப்புணர்வு எழுத்து இம்மூன்றனுள் மங்கலத்தையே தன் வழியாகக் கொண்டது. பைத்தியக்காரர் மனநோயாளி ஆயினர். பின்னர் ‘மனநலம் பாதிக்கப்பட்டவர்’ ஆயினர். இம்மாற்றம் வேண்டுவதே. எனினும் மங்கல வழக்கிற்கு இயல்பான ஒரு வரம்பு உண்டு. சுட்டப்படும் பொருள் மீது அச்சம் நீடிக்குமாயின், நாளடைவில் மங்கலச் சொல்லும் அவ்வச்சத்தை ஏற்றுக்கொள்ளும். ‘மனநலம் பாதிக்கப்பட்டவர்’ என்னும் தொடரை நாளிதழ் வாசகர் அடிக்கடி எதிர்கொள்வது தெருவில் திரிந்தவர், கல்லெறிந்தவர், காணாமற் போனவர் பற்றிய காவல் துறைச் செய்திகளில்தான். மருந்து உண்டு, வேலைக்குச் சென்று, குடும்பம் நடத்துபவரை அத்தொடர் சுட்டக் காண்பது அரிது. சொல் கண்ணியமானது, அதனோடு சேர்ந்து வரும் சொற்கள் அக்கண்ணியத்தைத் தேய்த்துவிடுகின்றன.

இடப்பெயர் இழிபெயராதல்

இவ்வரம்பினை நன்கு காட்டுவது இடப்பெயர் வழக்கு ஆகும். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871 முதல் இயங்கிவரும் மருத்துவமனை 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை எனவும், 1978இல் மனநல நிலையம் எனவும் பெயர் மாற்றம் பெற்றது. ஒவ்வொரு மாற்றமும் முன்னைப் பெயரின் வசையைக் களையும் நோக்கம் கொண்டது. மக்கள் வழக்கோ இப்பெயர்களை ஒதுக்கிவிட்டு, ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயரையே வசையாக ஆக்கிக்கொண்டது. ஊர்ப்பெயர் எவ்வகைப் பழியும் இல்லாதது. ஆயினும் பழியைத் தாங்கிற்று.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் கோழிக்கோட்டின் குதிரவட்டமும் திருவனந்தபுரத்தின் ஊளம்பாறையும், தெலுங்கில் ஐதராபாத்தின் எர்ரகட்டாவும், இந்தியில் ஆக்ராவும் ராஞ்சியும், இலங்கையில் அங்கொடையும் இவ்வாறே வழங்குகின்றன. இலண்டன் பெத்லகேம் மருத்துவமனையின் மரூஉப் பெயரான ‘பெட்லம்’ ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்தைக் குறிக்கும் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. வேறுவேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகளில் ஒரே பொருள்மாற்றம் நிகழ்ந்திருப்பது, பழிப்பின் ஊற்று சொல்லிற்கு வெளியே, ஊரிலிருந்து பிரித்துச் சுவருக்குள் வைக்கும் நடைமுறையில் உள்ளது என்பதைப் புலப்படுத்தும். ‘காப்பகம்’ என்னும் சொல்லும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் தனியார் விடுதி ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் இறந்தனர். காப்பு என்னும் பெயரே பூட்டாக மாறிய இடம் அது.

நோய்ப்பெயர் ஆட்பெயராதலும் திணை வழுவுதலும்

தமிழில் உடல்நோய் பெரும்பாலும் நான்காம் வேற்றுமைத் தொடரால் கூறப்படும். ‘எனக்குக் காய்ச்சல்’, ‘அவருக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்பன எடுத்துக்காட்டுகள். இத்தொடர்களில் நோய் ஒருவருக்கு வருவது; அவரே நோய் ஆவதில்லை. ‘அவர் ஒரு காய்ச்சல்’ என்பது தமிழன்று. ஆனால் ‘அவனுக்குப் பைத்தியம் பிடித்தது’ என்னும் நான்காம் வேற்றுமைத் தொடரோடு ‘அவன் ஒரு பைத்தியம்’ என்னும் எழுவாய்த் தொடரும் தமிழில் இயல்பாக வழங்குகின்றது. நோயின் பெயர் நோயுற்றவருக்கு ஆகி வருகின்றது. குருடு, செவிடு, நொண்டி, ஊமை என்பனவும் இவ்வாறே ஆட்பெயர் ஆகின்றன. காய்ச்சலும் இருமலும் ஆட்பெயர் ஆகாதிருக்க, சமூகம் ஒதுக்கிவைத்த நிலைகளின் பெயர்கள் ஆட்பெயர் ஆவது தற்செயலானது என்று தோன்றவில்லை.

இதன் அடுத்த நிலை திணை வழுவுதல் ஆகும். ‘அந்தப் பைத்தியம் போகிறது’ என்னும் பேச்சு வழக்கில் மனிதர் அஃறிணை முடிபு ஏற்கின்றார். பொருளால் உயர்திணையாயினும் முடிபால் அஃறிணையாய் நடக்கும் சொற்களைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தொகுத்துரைக்கின்றார். அத்தொகுதியில் உறுப்புக் குறைபாட்டைக் குறிக்கும் சொற்களும் இடம்பெறுகின்றன. குருடு, முடம் என்பவற்றை உரையாசிரியர்கள் காட்டுவர். அரசு, சிறப்பு முதலிய மதிப்புச் சொற்களும் அத்தொகுதியில் இருத்தலின், அஃறிணை முடிபு எங்கும் இழிவையே குறிக்கும் என்று கூறுதல் பொருந்தாது. எனினும் ‘பைத்தியம்’ என்பதில் அம்முடிபு இழிவுக்கே பயன்படுகின்றது என்பதில் ஐயமில்லை. பழிப்பு என்பது ஒருவரை மனித நிலையினின்று கீழிறக்குவது எனச் சமூகவியலார் கூறுவதைத் தமிழ் இலக்கணம் வினைமுற்று விகுதியிலேயே காட்டிவிடுகின்றது.

இங்குப் பிடித்தல் என்னும் வினை குற்றம் சாட்டப்படுவதுண்டு. பேய் பிடித்தல் என்னும் வழக்கை ஒட்டி வந்தமையால் அது விலக்கத்தக்கது என்பர். இவ்வாதம் வலுவுடையதன்று. சளியும் பிடிக்கின்றது. வினையில் தவறில்லை, நோய் ஆளாக மாறும் இடத்திலேயே தவறு தொடங்குகின்றது. விகுதிகளும் இதற்குத் துணை செய்கின்றன. -காரன் என்னும் விகுதி பால்காரன், கடைக்காரன் எனத் தொழிலையும் உடைமையையும் உணர்த்துவது. பைத்தியக்காரன் என்னும்போது நோயே ஒருவரின் தொழிலாகிவிடுகின்றது. -ஆளி என்பது அவ்வளவு கடுமையுடையதன்று. ‘நோயாளி’ மருத்துவமனைக்குள் பொருந்தும் சொல்லே. ஆனால் வீட்டிலும் அலுவலகத்திலும் ஒருவரை ‘மனநோயாளி’ என்று சுட்டுவது, நோய் தணிந்த பின்னும் அவரை நோயினின்று விடுவிப்பதில்லை.

பழந்தமிழில் வேறு போக்கும் உண்டு. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், எருக்க மாலையும் கந்தலும் அணிந்து, அழுதும் அரற்றியும் தன் நிழலோடு பிணங்கியும் தெருவில் செல்லும் ஒருவன் காட்டப்படுகின்றான். ஊரார் அவன்பின் சென்று வருந்தி நிற்கின்றனர். நகைப்பதாகச் சாத்தனார் கூறவில்லை. அவனைச் சுட்டுமிடத்தில் மையல் என்னும் பெயரோடு ‘உறு’ என்னும் வினையைச் சேர்த்துள்ளார். நோய் உற்றது, அவன் மகனாகவே, அதாவது மனிதனாகவே, நிற்கின்றான். உணர்வும் தொடரமைப்பும் இங்கு ஒன்றையொன்று தாங்குகின்றன.

சட்டத்தின் சொல்

இந்தியச் சட்ட வரலாறு இதே சிக்கலை ஆங்கிலத்தில் காட்டுகின்றது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் பித்தர் என்னும் பொருளுடைய ‘லூனடிக்’ என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே கொண்டிருந்தது. அறிவு வளர்ச்சி குன்றியோரையும் அச்சொல்லுள் அடக்கிற்று. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அச்சொல்லை விலக்கி, நோயை அடையாகவும் ஆளைத் தலைச்சொல்லாகவும் கொண்ட தொடரை ஆண்டது. அறிவு வளர்ச்சிக் குறையை இவ்வரையறையினின்று நீக்கிற்று. 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆளை முன்னும் நோயைப் பின்னும் வைக்கும் தொடரை ஆள்கின்றது. நோய் ஒருவரின் முழு அடையாளமன்று என்னும் கொள்கை இச்சொல்வரிசையில் அடங்கியுள்ளது.

பிந்திய இரண்டு தொடர்களும் தமிழில் பெரும்பாலும் ‘மனநோயாளி’ என்னும் ஒரே சொல்லாக வந்து சேர்கின்றன. முப்பது ஆண்டுக்கால மாற்றம் மொழிபெயர்ப்பில் மறைந்துபோகின்றது. ஆங்கிலச் சொல்வரிசையை அப்படியே கொண்டுவருதல் தமிழில் இயலாது. தமிழில் அடை எப்போதும் பெயருக்கு முன்னரே நிற்கும். ‘நபர்’ என்னும் சொல்லை வலிந்து சேர்ப்பதாலும் பயனில்லை. தமிழ்த் தொடரில் ஆளையும் நோயையும் பிரித்துக் காட்டுவது வரிசையன்று, வினையே. ‘மனநோய் உற்றவர்’, ‘மனநோய் உள்ளவர்’, ‘மனநோய்க்கு மருத்துவம் பெறுபவர்’ என்னும் தொடர்கள் அக்கொள்கையைத் தமிழின் இயல்பில் நிறைவேற்றும். ‘மனவளர்ச்சி குன்றியோர்’, ‘மனநலம் குன்றியோர்’ என ஒரு சொல்லே வேறுபடும் தொடர்கள், 1987இல் சட்டம் பிரித்துவைத்த இரு நிலைகளை மீண்டும் ஒன்றாக்கிவிடுவதும் கருதத்தக்கது.

சட்டம் மாறியும் சொல் மாறாமைக்குத் ‘தற்கொலை’ மற்றொரு சான்று. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகக் கொள்ள வேண்டும் என்றது. 2024 சூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அம்முயற்சியைப் பொதுவில் தண்டித்த பழைய 309ஆம் பிரிவை மேற்கொள்ளவில்லை. பொதுப் பணியாளரைக் கட்டாயப்படுத்தும் நோக்குடைய முயற்சியை மட்டும் குற்றமாக வைத்தது. ஆயினும் தமிழ்ச் சொல்லில் ‘கொலை’ நிலைத்து நிற்கின்றது. உயிர் பிழைத்தவரும் அவர்தம் வீட்டாரும் அச்சொல்லைச் சுமக்க வேண்டியுள்ளது. ‘உயிரை மாய்த்துக்கொள்ளுதல்’ என்னும் தொடர் நீளமானதாயினும் குற்றப் பொருள் அற்றது.

கலைச்சொல்லில் உள்ள உருவகம்

ஸ்கிசோஃபிரினியா என்னும் பெயரை 1908இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் ஆக்கினார். மனத்தின் செயல்களுக்கு இடையிலான இணைப்புத் தளர்தலை அவர் கருதினார். கிரேக்க வேர்ச்சொல்லின் பொருள் பிளவு. இதனைப் பொதுமக்கள் ஓர் உடலில் இரு ஆளுமை எனப் பிழைபட உணர்வது பல நாடுகளிலும் காணப்படுவது. 2005இல் வெளிவந்த ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’ ஆகிய திரைப்படங்கள் ஒருவருக்குள் வேறு ஆளுமை தோன்றும் கருவைக் கொண்டவை. அது முற்றிலும் வேறான நிலை. ஆயினும் இரண்டும் ஒன்றென எண்ணும் வழக்குத் தமிழிலும் பரவியுள்ளது.

தமிழ்க் கலைச்சொல்லான ‘மனச்சிதைவு’ பிளவு என்னும் உருவகத்தினும் ஒருபடி மேலே செல்கின்றது. பிளந்தது பொருந்தலாம், சிதைந்தது மீள்வதில்லை. சிதைவு என்பது பாழான கோயிலுக்கும் அழிந்த ஏட்டுக்கும் வழங்கும் சொல். மருந்தாலும் குடும்பத்தின் துணையாலும் பலர் நன்கு வாழ இயலும் ஒரு நோய்க்கு, மீட்சியே இல்லை என்னும் பொருளைப் பெயரே கூறிவிடுகின்றது. இப்பெயரைத் தாயிடம் கூற வேண்டிய மருத்துவர் தயங்கி ஆங்கிலப் பெயரையே கூறிவிட நேர்கின்றது. தமிழ்க் கலைச்சொல் தமிழருக்கே பயன்படாத நிலை இது.

சப்பானிய மொழியின் பட்டறிவு இங்கு ஒப்பிடத்தக்கது. அங்கும் ‘மனப் பிளவு நோய்’ என்னும் பொருளுடைய பெயரே வழங்கிவந்தது. நோயுற்றோர் குடும்பங்களின் கூட்டமைப்பு 1993இல் பெயர்மாற்றம் கோரிற்று. 2002இல் ‘ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்னும் பொருளுடைய பெயரை உளமருத்துவர் சங்கம் ஏற்றது. நோயுற்றவரிடம் அவர்தம் நோயின் பெயர் தெரிவிக்கப்படும் அளவு மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 37 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காட்டிற்கு உயர்ந்தது என மிட்சுமோட்டோ சாட்டோ 2006இல் எழுதினார். கொரிய மொழியில் 2011இல் ஏற்கப்பட்ட புதிய பெயர், நரம்பிசைக் கருவியைச் சுருதி கூட்டுதல் என்னும் கருத்தை அடியாகக் கொண்டது. சுருதி விலகிய யாழைத் திரும்பக் கூட்டலாம் என்பது கேட்போருக்குத் தானே விளங்கும்.

பெயர்மாற்றம் பழிப்பை முழுவதும் நீக்கும் என்று இதனால் கொள்ளுதல் கூடாது. கீழ்ப்பாக்கத்தின் வரலாறு அதனை மறுக்கின்றது. இருவகை மாற்றங்களுக்கும் இடையே வேறுபாடு உண்டு. மங்கலச் சொல் நோயை மறைக்கின்றது. நல்ல கலைச்சொல் நோயைச் சரியாக விளக்குகின்றது. முன்னது நாளடைவில் தேயும். பின்னது நோயுற்றவருக்கும் மருத்துவருக்கும் இடையே பேச்சைத் தொடங்கிவைக்கும்.

மன அழுத்தமும் மனச்சோர்வும்

கடுமையான சொல்லால் வரும் தீங்கு ஒருபுறமிருக்க, மென்மையான சொல்லால் வரும் தீங்கும் உண்டு. ‘மன அழுத்தம்’ என்னும் சொல் இன்று இரு பொருளில் வழங்குகின்றது. வேலைச் சுமை, தேர்வு, கடன் ஆகியவற்றால் எவருக்கும் வரும் நெருக்கடி ஒன்று. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, உறக்கம், பசி, ஈடுபாடு ஆகியவற்றைக் குலைக்கும் நோய் மற்றொன்று. பின்னதற்கு ‘மனச்சோர்வு’ என்னும் தனிச்சொல் இருந்தும், இதழ்களில் இரண்டும் கலந்தே வருகின்றன. ஒரே கட்டுரையில் மன அழுத்தத்துக்கு இசை கேட்குமாறும், மன அழுத்தத்துக்கு மருந்து உண்ணுமாறும் அறிவுரை அமைகின்றது. நோயுற்றவர் முதல் அறிவுரையைப் பின்பற்றிப் பயன் காணாதபோது, தம் உறுதியின்மையே காரணம் எனத் தம்மையே நொந்துகொள்கின்றார்.

மேலும், இவ்விரு சொற்களும் எழுத்துத் தமிழுக்கு உரியன. கிராமத்துப் பெண் ஒருவர் இந்நோயைக் கூறும் தமிழ் வேறு: ‘நெஞ்சு படபடக்குது’, ‘உடம்பெல்லாம் அசதி’, ‘ராத்திரி தூக்கமில்லை’, ‘மனசே சரியில்லை’. உள்ளத்து நோயை உடலின் மொழியில் கூறும் இவ்வழக்கு அறியாமையன்று. செம்மையான ஒரு மொழிமரபு. ‘மனச்சோர்வா? மருத்துவரை அணுகுங்கள்’ என்னும் சுவரொட்டி அவரைச் சென்றடையாது. தமக்கு இருப்பது அதுவே என அவர் அறியார். 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பட்டு, 14416 என்னும் எண்ணில் தமிழிலும் இயங்கும் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை போன்றவற்றை விளம்பரப்படுத்தும் எழுத்துகள், கலைச்சொல்லை முதலில் வைக்காமல் இவ்வழக்குகளை முதலில் வைத்தல் பயன் தரும்.

களங்கம் யாருடையது?

விழிப்புணர்வு எழுத்தின் மையச் சொல்லே ஆய்வுக்குரியது. உடலில் சுட்டோ கீறியோ இடப்பட்ட அடையாளத்தைக் குறித்த கிரேக்கச் சொல்லை, சமூகம் ஒருவர்மேல் ஏற்றும் இழிவைக் குறிக்க எர்விங் காஃப்மன் 1963இல் எழுதிய நூல் நிலைநிறுத்திற்று. சூடு இட்டவர் ஒருவர். சூடு பட்டவர் மற்றொருவர் என்னும் உறவு அச்சொல்லில் அடங்கியுள்ளது. தமிழில் இதற்குக் ‘களங்கம்’ என்னும் சொல் பெருவழக்காயுள்ளது. களங்கம் என்பது நிலவில் உள்ள மறுப்போலப் பொருளிலேயே உள்ள குறை. ‘மனநோயின் களங்கத்தைப் போக்குவோம்’ என்னும் வகையான முழக்கம், மனநோயில் களங்கம் உண்டு என்பதை முன்னரே ஒப்புக்கொண்டுவிடுகின்றது. செய்தவர் மறைய, பட்டவரிடம் கறை தங்குகின்றது.

‘பழிப்பு’, ‘ஒதுக்குதல்’ என்னும் தொழிற்பெயர்கள் இவ்விடத்தில் பொருத்தமானவை. தொழிற்பெயர் செய்பவரை வேண்டி நிற்கும். பழிப்பவர் யார் என்னும் வினா தானே எழும். ‘மனநோய் உற்றவரைப் பழிப்பதை நிறுத்துவோம்’ என்னும் தொடரில் திருந்த வேண்டியவர் யார் என்பது தெளிவாகின்றது.

தன்மையில் கூறிப் பார்த்தல்

இவ்வெழுத்துகளில் மற்றொரு குறையும் பொதுவாக உள்ளது. ‘அவர்களை அரவணைப்போம்’, ‘அவர்களும் மனிதர்களே’ என்பன போன்ற தொடர்களில் நோயுற்றவர் எப்போதும் படர்க்கையில் நிற்கின்றார். எழுதுபவரும் படிப்பவரும் நோயற்ற ‘நாம்’ ஆகின்றனர். தேசிய ஆய்வின் கணக்கு உண்மையாயின், படிப்பவருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இந்த ‘நாம்’ என்பதற்கு வெளியே நிறுத்தப்படுகின்றார். ‘அவர்களும் மனிதர்களே’ என்னும் தொடரின் உம்மை, அதில் ஐயம் இருந்தது என்பதையும் சேர்த்தே கூறுகின்றது.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் தம் தொடரைத் தன்மையில் கூறிப் பார்த்தல் தக்கதொரு சோதனையாகும். ‘நான் மனச்சிதைவு நோயாளி’ என்று உரக்கக் கூறத் துணிபவர் அரியர். ‘எனக்கு மனச்சோர்வு இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறேன்’ என்பது, ‘எனக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்பதைப் போன்றே வாயில் வருகின்றது. நோயுற்றவர் தன்மையில் கூற இயலாத தொடரைப் படர்க்கையில் அவர்மேல் ஏற்றுவது விழிப்புணர்வு ஆகாது.

முடிவுரை

மனநோய் பற்றிய தமிழில் சொல்மாற்றம் ஓரளவு நிகழ்ந்துள்ளது. தொடர்மாற்றம் இனி நிகழ வேண்டியுள்ளது. நோயை நான்காம் வேற்றுமையாலும் ‘உறு’ முதலிய வினைகளாலும் கூறுதல், அழுத்தத்தையும் சோர்வையும் பிரித்தாளுதல், மீட்சிக்கு இடந்தரும் கலைச்சொற்களை நோயுற்றோரையும் குடும்பத்தாரையும் கலந்து ஆக்குதல், களங்கம் என்னும் பெயரினும் பழித்தல் என்னும் தொழிலை முன்வைத்தல் ஆகியன மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் செய்யத்தக்க பணிகள். இவை மருத்துவமனைகளையும் மருத்துவர்களையும் ஈடுசெய்ய மாட்டா. ஆயினும் மருத்துவரின் அறைக்குள் நுழையும் ஒருவர் முதலில் கூற வேண்டிய தொடர் ஒன்று உண்டு. அதனை அஞ்சாமல் கூறுவதற்கான தமிழை அவருக்கு அளிப்பது மொழியறிஞரின் கடமையே.